பிரண்டைத் துவையல் அச்சான காலை

மழை இல்லை. மாசி மாதத்து வெளிறிய காலை அது. ஆனால் பம்பாய் மாட்டுங்காவில் தெருவோரமெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தாராவியில் என் அறை. அச்சகம் மாட்டுங்காவில். தினமும் நடந்துதான் வருவேன். அன்று ரயில் பாலத்தை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது தண்ணீர்ச் சத்தம். ஒவ்வொரு கட்டடத்தின் பின்பக்கக் குழாயிலிருந்தும் தண்ணீர் கொட்டி, சந்து வழியாக வந்து, தெருவில் சேர்ந்து மெல்ல நகர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி பால்கனிகளில் ஆண்கள் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் தலை துவட்டியிருக்கவில்லை. பெண்கள் கூந்தலை முடியாமல் விட்டிருந்தார்கள். நுனியில் சொட்டிய நீர் கீழே தெருவில் விழுந்தது.  வழக்கமாக அந்நேரத்துக்கு அந்தத் தெருவில் காபிக்கொட்டை வறுபடும் வாசனை மூக்கைத் துளைக்கும். அன்று அதுவும் இல்லை.

இத்தனை வருஷம் கழித்தும் எப்போதாவது தூக்கத்தில் அந்தத் தெரு வருகிறது. அதே வெளிறிய காலை, அதே சொட்டுச் சத்தம். கனவில் என் தலையும் ஈரமாக இருக்கும்.

எட்டரை மணி லோக்கலைப் பிடிக்க ஓடவேண்டிய ஒரு ரயில்வே குமாஸ்தா, எனக்கு முகம் மட்டும் தெரிந்தவர், ஈரத் துண்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"பெரியவர் போயிட்டார் ஓய். இனிமே ஆபீஸ் என்ன, ரயில் என்ன."

"யாரு சொன்னா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் கேக்கறீரா? உங்க பத்திரிகையிலதானே போட்டிருக்கேள்."

 அந்தப் பத்திரிகையின் நாலு பக்கத்தையும் முந்தின நாள் மாலை கட்டி முடித்தவன் நான். அதில் அப்படி ஒரு செய்தி இல்லவே இல்லை.

சிவப்புப் பென்சில்

இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், 'மைதீன் என்று பெயர் வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் உமக்கென்ன வேலை' என்று கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமா தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தார். எனக்குத் தோல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, அச்சு மை வாசனை ஒத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

தலைவர்களை எல்லாம் ஒரே விடியற்காலையில் அள்ளிக்கொண்டு போன அந்த நாற்பத்திரண்டு ஆகஸ்டுக்குப் பிறகு, பத்திரிகை நடத்துவது நாய்படாத பாடாக இருந்தது. எங்கள் ஆசிரியர் சுந்தரேசன் ஒரு துப்பாக்கிச் சூட்டுச் செய்தியை யாரையும் கேட்காமல் போட்டுவிட்டு, சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தார். போகும்போது சாதாரண மனிதர். திரும்பும்போது மூச்சிழுப்பு நோயோடு வந்தார். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் மூச்சு நின்று, கையை உயர்த்திக் காத்திருப்பார்.

இன்னொரு தப்பு நடந்தால் அச்சகத்துக்கு சீல், ஆசிரியருக்கு மறுபடி ஜெயில் என்று எச்சரித்துத்தான் விட்டிருந்தார்கள். இன்னொரு முறை ஜெயிலுக்குப் போனால் அவர் திரும்ப மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்ப் பத்திரிகைக்கு சென்சார் அதிகாரியாக வந்தவர் அனந்தகிருஷ்ணன். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவாசி. பகலெல்லாம் கோட்டைப் பக்கத்து சர்க்கார் ஆபீசில் தந்திகளைப் பார்த்து அனுப்புவார். சாயங்கால லோக்கலில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் அச்சகத்தில் ஏறி, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புரூஃபைக் கையில் எடுப்பார். சிவப்புப் பென்சிலால் அடிப்பார். அடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். முடித்ததும் ஆசிரியரின் மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார்.

நல்லவரா கெட்டவரா என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியாது.

இன்றைய சமையல்

அடித்த இடத்தை வெற்றிடமாக விடக்கூடாது என்பது உத்தரவு. வெள்ளையாக விட்டால் சர்க்கார் எதையோ மறைக்கிறது என்று ஜனங்கள் நினைப்பார்களாம். அதனால் எட்டு வரி போனால் எட்டு வரி நிரப்ப வேண்டும், அதுவும் அரை மணி நேரத்துக்குள். யுத்தத்துக்கான இருட்டடிப்புக் காலம், பொழுது சாய்ந்தால் விளக்குப் போட முடியாது. ஆறரை மணிக்குள் மெஷின் ஓடி நிற்க வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் பாகீரதி மாமி, ஆசிரியரின் மனைவி. அச்சகத்துக்கு மேல்மாடியில் அவர்கள் குடித்தனம். ஒருநாள் நாங்கள் பதினைந்து வரி ஓட்டையைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பதைக் கண்டு, கரண்டியோடு இறங்கி வந்தார்.

"மிளகு ரசம் வைக்கறது எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோங்கோ மைதீன். சரியாப் பதினஞ்சு வரி வரும்."

வந்தது. அன்று முதல் 'இன்றைய சமையல்' என்று ஒரு தலைப்பை நிரந்தரமாகவே கோத்து வைத்துக்கொண்டோம். மாமி ஓய்ந்த நேரத்தில் குறிப்புகளை எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். தேவையான நீளத்துக்கு உருவிக்கொள்வது என் வேலை.

அந்த ரசம் ஒரு பெரிய கலவரத்தைக் கிளப்பும் என்று மாமி நினைத்திருக்க மாட்டார், நாங்களும் நினைக்கவில்லை. வாசகர்கள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள். ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், சமையல் வந்தால் அங்கே ஒரு செய்தி செத்திருக்கிறது என்று. ரசம் வந்தால் சின்ன விஷயம். அவியல் வந்தால் எங்கேயோ பெரிதாக நடந்திருக்கிறது. கல்யாண் ரயிலில் வருகிற குமாஸ்தாக்கள், வெளியூரிலிருந்து வாய்வழி வந்த சேதியைப் பத்திரிகையில் வந்த பதார்த்தத்தோடு பொருத்திப் பார்த்து, தாதர் வருவதற்குள் முழுக் கதையும் சொல்லிவிடுவார்களாம்.

"நேத்திக்கு என்ன சமைச்சான்?" என்றுதான் ஸ்டேஷனில் பேச்சு.

அனந்தகிருஷ்ணனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஒரே ஒரு தடவை அவர் ஒரு சமையல் குறிப்பில் கை வைத்தார். அவியலுக்குத் தக்காளி என்று நான் சொந்தமாகச் சேர்த்திருந்தேன். பென்சிலால் அதை அடித்துவிட்டு, "இதை என்னால பாஸ் பண்ண முடியாது," என்றார். சர்க்காருக்காக இல்லாமல் அவர் அடித்த ஒரே வார்த்தை அதுதான். அன்றைக்கு ஆசிரியர் இழுப்பு வரும்வரை சிரித்தார்.

அந்த மாலை

புனாவில் சிறை வைத்திருந்த பெரியவர் உண்ணாவிரதம் தொடங்கிப் பல நாள் ஆகியிருந்தது. தினமும் ஒரு வரி வரும். நாடி பலவீனம், தூக்கமில்லை, தண்ணீர் இறங்கவில்லை. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுங்கா முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பக்கமும் அப்படித்தான். தாராவியில் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டும் முன் என்னிடம் வந்து, "இன்னைக்கு எப்படி இருக்காவளாம்?" என்று கேட்பார்கள்.

அன்று மாலை அனந்தகிருஷ்ணன் வந்தார், பார்த்தார், ஒரு வரியைக்கூட அடிக்காமல் போய்விட்டார். அபூர்வமான நாள். ஆசிரியர் மேலே மூச்சுத் திணறிப் படுத்திருந்தார். மாமி நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே நானும் கம்பாசிடர் சேவியரும் மட்டும்.

அப்போது ஒரு துணிக்கடையிலிருந்து ஆள் வந்தான். நாளைய பத்திரிகையில் எங்கள் விளம்பரம் வேண்டாம், உங்கள் பத்திரிகையில் பெயர் வந்தால் போலீஸ்காரன் கடை வாசலில் வந்து நிற்கிறான் என்றான். முதல் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி விளம்பரம் அது. எடுத்ததும் பள்ளமாகக் கிடந்தது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியின் கம்பியிலிருந்து கனமாக இருந்த கத்தையை உருவினேன். முதல் வரியைப் பார்த்ததும் எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. பிரண்டைத் துவையல். அப்புறம் பாகற்காய், வாழைக்காய், எள்ளுருண்டை.

"ஏ சேவியரு, பிரண்டையாம்ல."

"போடு, போடு. பம்பாய்க்கு வந்து அதத் தின்னு எத்தன வருசமாச்சு," என்றான் சேவியர். அவனும் திருநெல்வேலிப் பக்கம்தான். எங்கள் வீடுகளில் வயிறு மந்தமென்றால் அரைக்கிற துவையல் அது. எங்கள் உம்மா வாரம் ஒருமுறை அரைப்பாள்.

கோத்தோம், பக்கத்தைப் பூட்டினோம், மெஷின் ஓடி நின்றது. இருவரும் திருப்தியாக வீட்டுக்குப் போனோம்.

மாடிப்படி

காலையில் அந்தத் தண்ணீரெல்லாம் தாண்டி அச்சகத்துக்குள் நுழைந்தபோது, பாகீரதி மாமி மாடிப்படியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார்.

"இது எங்கேருந்து எடுத்தேள் மைதீன்?"

"கம்பியிலேருந்துதான் மாமி. ஏன், எதுவும் தப்பா வந்துருக்கா?"

மாமி எழுந்து கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். முந்தின குறிப்பு வடை. அதன் பின்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தார். 'சிராத்தத்துக்குப் பண்ண வேண்டியவை' என்று அவர் கையெழுத்தில் தலைப்பு.

புதிதாகக் கல்யாணமாகிப் பம்பாய்க்கு வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாமியார் பக்கத்தில் இருப்பதில்லை. திவசம் வந்தால் மாமியிடம் ஓடி வருவார்கள். அவர்கள் பார்த்து எழுதிக்கொள்ள என்று அவர் எழுதி வைத்த பட்டியல் அது. தலைப்புத் தாள் வடையோடு போய்விட்டது. நான் உருவியது மிச்சத்தை.

"இது செத்தவாளுக்குப் பண்ற சமையல் மைதீன். அன்னிக்குத்தான் இதெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து இலைக்கு வரும். அதை 'இன்றைய சமையல்'னு, முதல் பக்கத்துல, ஒரு முழுப் பத்தி போட்டிருக்கேளே."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இழவுச் சேதி கேட்டால் மாட்டுங்கா பிராமணர்கள் தலையோடு குளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். துவையலைப் பற்றித்தான் தெரியாது. செத்த அன்றைக்கு யாரும் திவசச் சமையல் செய்வதில்லை என்று யோசித்துப் பார்க்க, அன்று மாட்டுங்காவில் ஒருவருக்கும் நிதானம் இல்லை. இத்தனை நாள் எங்கள் சமையலை நம்பிப் பழகியிருந்தார்கள், இதையும் நம்பினார்கள்.

கடைகள் அடைத்துவிட்டன, தாதர் மார்க்கெட்டிலும் பலகை போட்டு மூடுகிறார்கள் என்று சேவியர் வந்து சொன்னான். அவன் பின்னாலேயே போலீஸ் வண்டி வந்து நின்றது.

சட்னி

இன்ஸ்பெக்டர் மராத்திக்காரர். இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்குப் பின்னால் அனந்தகிருஷ்ணன். வீட்டிலிருந்து நேரே கூட்டி வந்திருக்கிறார்கள் போல. கோட்டின் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை மேஜையில் விரித்து, அந்தப் பத்தியில் விரலை வைத்தார். "யே க்யா ஹை?" என்ன இது என்றார்.

ஆசிரியர் சால்வையைப் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்திருந்தார். ஒரு படிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் சாப் போட்டேன். எனக்குத் தெரியாது, எங்க வீட்டுல இது சாதாரணமா..."

"மைதீன், பேசாம இரும்," என்றார் ஆசிரியர். பிறகு இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில், இந்தப் பத்திரிகையில் வருகிற உப்பு புளிக்குக்கூட நான்தான் பொறுப்பு, வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நின்று, கையை உயர்த்திக் காத்திருந்தார். மாடிப்படியில் மாமி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. எழுதியது மாமியின் கை, போட்டது என் கை, போகப்போகிறவர் ஆசிரியர். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் அனந்தகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். இது ரகசிய சேதி என்று எனக்குத் தகவல் வந்திருக்கிறது. ஹர்த்தாலுக்கான சைகை என்கிறார்கள். நீங்கள் இந்த ஜாதிக்காரர், இந்த பாஷைக்காரர். இது என்ன, சொல்லுங்கள் என்றார்.

அனந்தகிருஷ்ணன் பத்திரிகையைக் கையில் எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. காதோரம் இறங்கிய நீர் கோட்டுக் காலரில் கறையாகப் பரவியிருந்தது. படிக்கும்போது ஒரு சொட்டு வாழைக்காயின் மேல் விழுந்தது. அதை விரலால் துடைத்தார்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆசிரியர் அன்று மத்தியானம் ஜெயிலில் இருப்பார். வார்த்தை பொய்யாகக்கூட இருக்க வேண்டாம், உண்மையே போதும்.

"சட்னி," என்றார் அனந்தகிருஷ்ணன்.

"வெறும் சட்னியா?"

"சட்னி, இரண்டு காய், ஒரு இனிப்பு. என் வீட்டில் அடிக்கடி செய்வதுதான்."

"அப்படியானால் ஜனங்கள் ஏன் எல்லோரும் குளிக்கிறார்கள்?"

"தினமும் குளிக்கிற ஜனங்கள் சார். வேறு என்ன செய்வார்கள்?"

இன்ஸ்பெக்டர் அவருடைய தலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது, அரை நிமிஷம்கூட இருந்திருக்காது. பிறகு, கடை அடைப்புக்குக் காரணம் ஸ்டேஷன் வதந்தி என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னார். இனிமேல் உப்பு புளியும் சென்சாருக்குப் போக வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். வண்டி போய்விட்டது.

பலகை

அனந்தகிருஷ்ணன் அவர்களோடு போகவில்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.  மாமி காபி கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்காமல் ஆசிரியரைப் பார்த்தார்.

"இருக்காரோன்னோ?"

ஆசிரியருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "இருக்கார். கீழ எறங்கறதுக்கு முன்னாடிதான் கோட்டையில தெரிஞ்சவாளுக்கு போன் பண்ணிக் கேட்டேன். ராத்திரி தூங்கினாராம். சொல்லப்போனா நேத்து சாயங்காலத் தந்தியிலேயே அப்படித்தானே இருந்தது. நீங்கதானே பாஸ் பண்ணினேள்?"

"நான்தான் பாஸ் பண்ணினேன்."

"பின்னே?"

"காலம்பற பத்திரிகையைப் பார்த்தேன். நேரே குழாயடிக்குப் போயிட்டேன். தந்தி ஞாபகமே வரலை." அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது. "தினம் என்னென்ன அடிக்கறேன்னு எனக்குத்தானே தெரியும் சுந்தரேசன். அடிச்சது போக மிச்சம் இருக்கறதை நான் எப்படி நம்பறது? உங்காத்து மாமி எழுதினதை நம்பினேன்."

 எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காபியை வாங்கி இரண்டே மடக்கில் குடித்தார்.

வெளியே ஜனங்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். போலீஸ் வண்டி வந்து போனதைப் பார்த்தவர்கள், பாதிப் பேர் இன்னும் ஈரமாகவே இருந்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை, கேட்கவில்லை. சும்மா நின்றார்கள்.

"இவாகிட்டச் சொல்லணும்," என்றார் ஆசிரியர். "வாசல் பலகையில எழுதறேன். அதுக்கும் உங்க அனுமதி வேணும்."

"எழுதுங்கோ. நான் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டா."

ஆசிரியர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கை தூக்கி எழுதும்போது மூச்சு வாங்கியது, நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை எழுதினார். 'இருக்கிறார்.'

 கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கூந்தலை முடிந்துகொண்டாள்.

திரும்பிப் பார்த்தேன், அனந்தகிருஷ்ணன் உள்ளே இல்லை. நாங்கள் கவனிக்காமலே எங்களைத் தாண்டிப் படியிறங்கித் தெருவுக்குப் போயிருந்தார். ஜனங்களுக்கு நடுவில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.